வீடல்லாத கட்டடங்களின் கார்பனைக் குறைப்பது எப்படி? இங்கிலாந்துக் கவுன்சில்களுக்குப் புதிதாக வருபவர்களுக்கான வழிகாட்டி

2018 நவம்பரில் பிரிஸ்டல் மாநகரக் கவுன்சில் காலநிலை அவசரநிலையை அறிவித்தது. பிறகு மற்ற கவுன்சில்களும் வரிசை கட்டின. தீர்மானம் நிறைவேற்றுவது ஒரு மாலை வேலை. யார், எந்தக் கட்டடத்தில், எந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வரும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். வீடுகளைப் பற்றியும் கார்களைப் பற்றியும் பேச ஆள் நிறைய இருக்கிறது. பள்ளி, நூலகம், நீச்சல் குளம், கடை, அலுவலகம், கிடங்கு ஆகியவற்றின் பேச்சு வந்தால் கூட்டத்தில் பாதிப் பேர் கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர், எரிசக்திப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர், கவுன்சிலைக் கேள்வி கேட்க நினைக்கும் குடியிருப்பாளர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இங்கே சொல்லும் விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. வேல்ஸில் சில விதிகள் இதேபோல் இருக்கும். ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துச் சட்டங்கள் வேறு.

முதலில் ஒரு கணக்கு. அரசுக்கு ஆலோசனை சொல்லும் காலநிலை மாற்றக் குழு 2020இல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஒரு பகுதியின் மொத்தக் கார்பன் வெளியீட்டில் கவுன்சில் நேரடியாக வெளியிடுவது 2 முதல் 5 சதவீதம்தான். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளியீட்டின் மீது கவுன்சிலுக்குச் செல்வாக்கு உண்டு. சொந்தக் கட்டடங்களைச் சரிசெய்தால் மட்டும் போதாது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அதைச் செய்யாத கவுன்சில் கடைக்காரரிடமும் கட்டட உரிமையாளரிடமும் போய் எதையும் கேட்க முடியாது. சொந்த வீட்டில் தொடங்கி ஊருக்குப் போகிற வரிசையில்தான் கீழே உள்ள படிகளை அமைத்திருக்கிறேன்.

படி 1: உங்கள் கவுன்சிலின் கையில் எது இருக்கிறது?

இதைக் கேட்காமல் திட்டம் போட்டால் பாதி வேலை அடுத்த கவுன்சிலின் வாசலில் போய் நிற்கும். லண்டன் பரோக்கள், பெருநகரக் கவுன்சில்கள், ஒற்றையடுக்குக் கவுன்சில்கள் ஆகியவற்றில் எல்லாப் பொறுப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். மேலே கவுன்டி, கீழே டிஸ்டிரிக்ட் என்று இரண்டடுக்கு உள்ள இடங்களில் பள்ளிகளும், வணிக விதிகளைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவும் கவுன்டியிடம் இருக்கும். பிளானிங் அனுமதியும் நீச்சல் குளமும் டிஸ்டிரிக்ட் கவுன்சிலிடம் இருக்கும். குளத்துக்கு ஹீட் பம்ப் (வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே கொண்டுவரும் கருவி) வேண்டும் என்று கவுன்டியிடம் கேட்டாலோ, வாடகைக் கடைகளின் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி டிஸ்டிரிக்ட்டிடம் கேட்டாலோ பணிவான ஒரு மறுமொழிக் கடிதம் வரும், அவ்வளவுதான்.

ஒரு கவுன்சில் நான்கு வேடங்களில் கட்டடங்களைத் தொடுகிறது. பில் கட்டும் உரிமையாளர், வாடகைக்கு விடும் உரிமையாளர், பிளானிங் அனுமதி தரும் அமைப்பு, விதியை மீறினால் அபராதம் போடும் அமைப்பு. எந்த வேடத்தில் பேசுகிறோம் என்பது தெளிவாக இருந்தால் எந்த அதிகாரியைக் கூப்பிட வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

படி 2: கட்டடப் பட்டியலும் பில் யார் பெயரில் என்பதும்

எல்லாக் கட்டடங்களையும் ஒரே தாளில் எழுதுங்கள். பரப்பளவு, ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை யூனிட் கேஸ், பாய்லரின் வயது, பில் யார் பெயரில் வருகிறது. கடைசிக் கேள்விதான் சிக்கலானது. அகாடமிப் பள்ளிகள் கவுன்சிலின் கையை விட்டுப் போனவை. கவுன்சிலின் பராமரிப்பில் உள்ள பள்ளியும் தன் நிதியைத் தானே கையாள்கிறது. நீச்சல் குளத்தைப் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனமோ அறக்கட்டளையோ நடத்தும். தனியார் முதலீட்டில் கட்டிய பள்ளியில் ஒரு விளக்கை மாற்றுவதற்குக்கூட ஒப்பந்தத்தைப் புரட்ட வேண்டியிருக்கும்.

உள்ளிருந்து தகவல் வராவிட்டாலும் வழி உண்டு. பொதுமக்கள் அடிக்கடி வந்துபோகும், 250 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பொதுத்துறைக் கட்டடம் ஒவ்வொன்றிலும் டி.இ.சி. என்ற சான்றிதழை வாசலருகே ஒட்டியிருக்க வேண்டும். அந்தக் கட்டடம் உண்மையில் எவ்வளவு எரிசக்தி செலவழித்தது என்பதை ஏ (சிறந்தது) முதல் ஜி (மோசம்) வரை அது காட்டும். அதே வகையான சராசரிக் கட்டடத்துக்கு மதிப்பெண் 100. எண் கூடக் கூட நிலைமை மோசம். 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் இதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கீழே என்றால் 10 ஆண்டுக்கு ஒருமுறை. ஒட்டாவிட்டால் 500 பவுண்ட் அபராதம். ஆனால் நூலகத்தின் அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் மூன்று ஆண்டுக்கு முந்தைய சான்றிதழ் மஞ்சளாகி நிற்பதைப் பார்ப்பது அரிதல்ல.

இன்னொன்று ஈ.பி.சி. இது கட்டடத்தின் உடல்வாகை மட்டும் கணக்கிட்டுச் சொல்வது. உள்ளே இருப்பவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஹீட்டரைப் போடுகிறார்களா என்பது அதற்குத் தெரியாது. ஈ.பி.சி.யில் பி வாங்கிய கட்டடம் டி.இ.சி.யில் எஃப் வாங்குவது நடக்கும். அப்படி ஒரு கட்டடம் அகப்பட்டால் அங்கேதான் முதலில் போக வேண்டும். சுவரில் குறையில்லை, நடத்துகிற முறையில் குறை. அதைச் சரிசெய்வது மலிவு.

இரண்டு வகைச் சான்றிதழ்களின் தரவும் அரசின் இணையதளத்தில் கவுன்சில் வாரியாக இலவசமாகக் கிடைக்கிறது. பகுதி வாரியான வெளியீட்டுப் புள்ளிவிவரத்தையும் அரசு 2005ஆம் ஆண்டிலிருந்து தருகிறது. அதில் வணிகம், பொதுத்துறை, தொழில் ஆகியவை தனித்தனியாக இருக்கும்.

படி 3: அரைமணி நேரத் தரவைக் கேட்டு வாங்குங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். இதைத் தாண்டிக்கொண்டு நேரே சோலார் பேனலுக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

பெரிய கட்டடங்களின் மின்மீட்டர் அரைமணிக்கு ஒருமுறை கணக்கைப் பதிவு செய்கிறது. ஒரு நாளுக்கு 48 எண்கள். மின்சாரம் விற்கும் நிறுவனத்திடமோ கவுன்சிலின் எரிசக்திப் பிரிவிடமோ கேட்டால் ஓர் ஆண்டுத் தரவும் ஒரே கோப்பாக வரும். அதிலிருந்து சாதாரணமான ஒரு வாரத்தை எடுத்து வரைபடமாகப் போட்டு, ஞாயிறு இரவு இரண்டு மணிக்கு என்ன ஓடுகிறது என்று பாருங்கள்.

ஓர் அலுவலகம் வாரத்துக்கு 50 மணி நேரம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூடியிருப்பது 118 மணி நேரம். அந்த நேரத்தில் கோடு 20 கிலோவாட்டில் நிற்கிறது. சர்வர், அவசர விளக்கு, குளிர்பெட்டி என்று நியாயமானவற்றைக் கழித்தால் பத்து போதும் என்று தெரியவருகிறது. மிச்சப் பத்து கிலோவாட் மூடியிருக்கும் நேரங்களில் ஆண்டு முழுக்க ஓடினால் 61,000 யூனிட்டுக்கு மேல். யூனிட் 25 பென்ஸ் என்றால் ஆண்டுக்கு 15,000 பவுண்ட். கார்பன் கணக்கில் சுமார் 12 டன். இவ்வளவும் ஆளே இல்லாத கட்டடத்தில்.

எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடிக்க இயந்திர அறைக்குள் இறங்க வேண்டும். கேர்டேக்கரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பொறியாளரைவிட அவருக்குத்தான் கட்டடத்தின் குணம் தெரியும். கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவில் காற்றாடி, பம்ப் ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு சுவிட்ச் இருக்கும். அதில் மூன்று நிலைகள்: ஹேண்ட், ஆஃப், ஆட்டோ. ஆட்டோவில் இருந்தால் டைமர் சொன்னபடி ஓடும். ஹேண்டில் இருந்தால் இரவும் பகலும் ஓடும். ஏதோ ஒரு குளிர்காலத்தில் கட்டடம் சூடாகவில்லை என்று யாரோ புகார் சொல்லியிருப்பார்கள். பராமரிக்க வந்தவர் அதை ஹேண்டுக்குத் திருப்பிவிட்டுப் போயிருப்பார். அதற்குப் பிறகு அவரும் வரவில்லை, அந்தச் சுவிட்சை யாரும் தொடவுமில்லை. சில பெட்டிகளில் மேலே ஒரு துண்டுச் சீட்டும் ஒட்டியிருக்கும்: ‘தொடாதீர்கள்’. யார் எழுதியது, ஏன் எழுதினார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

கேஸுக்கும் இதே சோதனைதான். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு பள்ளியின் கேஸ் மீட்டர் சுற்றிக்கொண்டிருந்தால் யாருக்காகச் சுற்றுகிறது என்று கேளுங்கள்.

படி 4: செலவில்லாதவற்றை முடித்துவிடுங்கள்

டைமரைக் கட்டடம் திறக்கும் நேரத்தோடு பொருத்துவது, விடுமுறை நாட்களைப் பதிவு செய்வது, ஒரே அறையில் ஹீட்டரும் ஏசியும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் இடைவெளி வைப்பது, பாய்லரிலிருந்து போகும் தண்ணீரின் வெப்பநிலையைக் குறைப்பது. கடைசியாகச் சொன்னது பின்னால் மிகவும் உதவும். 80 டிகிரித் தண்ணீர் இல்லாமல் இந்தக் கட்டடம் சூடாகாதா, 55 டிகிரியே போதுமா என்பது இந்தக் குளிர்காலத்திலேயே தெரிந்துவிட்டால் ஹீட் பம்ப் போடலாமா என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். குழாயில் வரும் சுடுதண்ணீரை மட்டும் இப்படிக் குறைக்காதீர்கள். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லீஜியனெல்லா கிருமி வளரும், அதற்குத் தனி விதிகள் இருக்கின்றன.

படி 5: முதலீடு செய்யும்போது வரிசை தவறக் கூடாது

எல்.ஈ.டி. விளக்கு எளிது, அதை விவாதிக்கவே தேவையில்லை. கூரைக்கு வெப்பக்காப்பும் அப்படித்தான். கூரையை எப்படியும் மாற்றப் போகிற ஆண்டில் சேர்த்துச் செய்தால் சாரம் கட்டும் செலவு மிச்சம்.

உண்மையான போராட்டம் பாய்லரில் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். ஒரு கட்டடம் ஆண்டுக்கு ஒரு லட்சம் யூனிட் கேஸ் எரிக்கிறது. யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.18 கிலோ கார்பன் டை ஆக்சைடு, மொத்தம் 18 டன். பாய்லரின் திறன் 85 சதவீதம் என்றால் கட்டடத்துக்குக் கிடைக்கும் வெப்பம் 85,000 யூனிட். அதே வெப்பத்தை ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தரும் ஹீட் பம்ப் வழியாகக் கொடுத்தால் 28,000 யூனிட் சொச்சம் மின்சாரம் போதும். யூனிட்டுக்கு 0.2 கிலோ என்று போட்டாலும் ஆறு டன்னுக்குள் அடங்கும். கார்பன் மூன்றில் ஒரு பங்காகிறது.

ஆனால் பில் அப்படிக் குறையாது. மின்சாரத்தின் யூனிட் விலை கேஸ் விலையைப்போல் மூன்று, நான்கு மடங்கு. எனவே ஹீட் பம்ப் போட்டால் பில் பாதியாகும் என்று எவராவது குழுக் கூட்டத்தில் சொன்னால் கணக்கை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். படி 3, 4ஐ முடித்து, வெப்பத் தேவையைக் குறைத்து, கூரையில் சோலாரும் வைத்த கட்டடத்தில் செலவு கட்டுப்படும். ஒழுகும் கட்டடத்தில் பழைய பாய்லரை எடுத்துவிட்டு அதே அளவில் ஹீட் பம்ப் வாங்கி வைப்பது காசைக் கரியாக்கும் வேலை.

ஒப்பந்தப் புள்ளி கோருவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை சில உண்டு. மின்பகிர்மான நிறுவனத்திடம் அந்தக் கட்டடத்துக்குக் கூடுதல் மின்சாரம் தர முடியுமா என்று கேட்க வேண்டும். தெருவுக்கே புதிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று பதில் வந்தால் செலவும் காலமும் தலைகீழாகும். பெரிய சோலாருக்கும் அதே நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. 2000க்கு முன் கட்டியது என்றால் சுவரிலும் கூரையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், துளை போடுவதற்கு முன் ஆய்வு செய்தாக வேண்டும். 2023இல் பள்ளிகளை மூட வைத்த ராக் (RAAC) என்ற இலேசான, வலுக்குறைந்த கான்கிரீட் கூரை உங்கள் கட்டடத்திலும் உண்டா என்று பாருங்கள். அதன் மேல் சோலார் பேனலைச் சுமத்தக் கூடாது.

நீச்சல் குளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல டிஸ்டிரிக்ட் கவுன்சில்களில் கேஸ் பில்லின் பெரும் பங்கு இந்த ஒரே கட்டடத்தில் இருக்கிறது. தண்ணீரையும் சூடாக்க வேண்டும், அதற்கு மேலுள்ள காற்றையும் சூடாக்க வேண்டும், ஆவியான ஈரத்தை வெளியே தள்ளவும் வேண்டும். இரவில் குளத்தை மூடும் உறை, வெளியேறும் காற்றிலிருந்து வெப்பத்தைத் திரும்ப எடுக்கும் கருவி இரண்டும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். உறை இருக்கும், பல இடங்களில் சுருட்டியபடியே இருக்கும். அதை விரிக்க இரவுப் பணியில் ஆள் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். எக்ஸிடர் நகரக் கவுன்சில் 2022இல் திறந்த செயின்ட் சிட்வெல்ஸ் பாயின்ட், பாசிவ்ஹவுஸ் என்ற மிகக் குறைந்த எரிசக்தித் தரத்தில் கட்டிய பிரிட்டனின் முதல் நீச்சல் குள வளாகம். எக்ஸ்மத் குளத்தில் 2023இல் ஒரு சிறிய கணினி மையத்தை வைத்து அதன் கழிவு வெப்பத்தைத் தண்ணீருக்கு ஏற்றினார்கள். உங்கள் குளத்தை நடத்தும் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள். புது ஒப்பந்தத்தில் எரிசக்திப் பொறுப்பை எழுதிச் சேர்க்க அப்போதுதான் வாய்ப்பு, விட்டால் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு.

‘பசுமை மின்சாரம்’ வாங்கிவிட்டோம் என்று வரும் அறிக்கையில் மயங்க வேண்டாம். மீட்டரில் ஒரு யூனிட்கூட அதனால் குறையாது.

படி 6: பணம்

2020இல் ஒரு பில்லியன் பவுண்டோடு தொடங்கிய பொதுத்துறைக் கார்பன் நீக்கத் திட்டத்தை நம்பித்தான் பெரும்பாலான கவுன்சில்கள் ஹீட் பம்ப் போட்டன. நான்காம் கட்டத்தோடு, அதாவது 2028இல், அது முடிகிறது. அடுத்த கட்டம் இல்லை என்று 2025இல் அரசு சொல்லிவிட்டது. மானியம் வரட்டும் என்று கோப்பை மூடி வைத்திருந்த கவுன்சில்கள் வேறு வழி தேட வேண்டும். கவுன்சில்களுக்கு அரசு தரும் பொதுப்பணிக் கடனை வாங்கி, மிச்சமாகும் பில்லிலிருந்து அடைப்பது ஒரு வழி. எல்.ஈ.டி.யும் சோலாரும் அப்படித் தம் செலவைத் தாமே அடைத்துவிடும். ஹீட் பம்ப் மட்டும் தனியாக அடைக்காது. அதனால் மூன்றையும் ஒரே தொகுப்பாக வைத்து நிதிக்குழு முன் போங்கள். தனித்தனியாக வைத்தால் லாபம் தருவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவார்கள்.

இன்னொரு பை பலருக்குத் தெரியாது. அது படி 8இல் வருகிறது.

படி 7: வாடகைக் கட்டடங்கள், கையில் இருந்தும் பயன்படாத சட்டம்

என் கணிப்பில், கவுன்சில்கள் மிகவும் குறைவாகப் பயன்படுத்தும் ஆயுதம் இதுதான். குறைந்தபட்ச எரிசக்தித் தர விதிப்படி, வாடகைக்கு விடும் வணிகக் கட்டடத்தின் ஈ.பி.சி. மதிப்பு குறைந்தது ஈ இருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் புதிய குத்தகைகளுக்கு இது வந்தது. 2023 ஏப்ரல் முதல் நடப்பிலிருக்கும் குத்தகைகளுக்கும் பொருந்தும். எஃப், ஜி வாங்கிய கடையை, விலக்குப் பதிவு செய்யாமல் வாடகைக்கு விட்டுக்கொண்டிருப்பது சட்டமீறல். ஆறு மாதத்துக்கு மேற்படாத குத்தகையும் 99 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குத்தகையும் இதற்குள் வராது.

அபராதம் சிறியதல்ல. மீறல் மூன்று மாதத்துக்குள் என்றால் ரேட்டபிள் வேல்யூவில் (வணிகக் கட்டட வரிக்காக நிர்ணயித்த ஆண்டு வாடகை மதிப்பில்) 10 சதவீதம், குறைந்தது 5,000 பவுண்ட், அதிகபட்சம் 50,000. மூன்று மாதம் தாண்டினால் 20 சதவீதம், 10,000 முதல் 1,50,000 பவுண்ட் வரை. இதை நடைமுறைப்படுத்துவது டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவு. அந்தப் பிரிவிலோ ஆட்கள் குறைவு. போலிச் சிகரெட்டும் பாதுகாப்பற்ற பொம்மையும் வந்து நிற்கும்போது ஈ.பி.சி. பின்னுக்குப் போய்விடுகிறது.

தொடங்கும் முறை இப்படி இருக்கலாம். ஈ.பி.சி. தரவை இறக்கி, உங்கள் பகுதியில் எஃப், ஜி வாங்கிய கட்டடங்களைப் பிரித்தெடுங்கள். அதிலிருந்து உரிமையாளரே குடியிருக்கும் கட்டடங்களைக் கழிக்க வேண்டும், விதி வாடகைக் கட்டடத்துக்கு மட்டும்தான். பிசினஸ் ரேட்ஸ் என்ற வணிகக் கட்டட வரியின் பதிவைப் பார்த்தால் இது ஓரளவு தெரியும். ஆனால் அந்தத் தகவலை இந்த வேலைக்குப் பயன்படுத்தலாமா என்று சட்டப் பிரிவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு பொதுவில் இருக்கும் விலக்குப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். ஏழு ஆண்டுக்குள் போட்ட காசு திரும்பாது என்று காட்டினாலோ, தேவையான அனுமதி மறுக்கப்பட்டாலோ, கட்டட மதிப்பு 5 சதவீதத்துக்கு மேல் சரியும் என்று நிறுவினாலோ பொதுவாக ஐந்து ஆண்டுக்கு விலக்கு உண்டு. மிஞ்சுகிறவர்களுக்கு முதலில் ஒரு சாதாரணக் கடிதம் போதும். பல உரிமையாளர்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே அப்போதுதான் தெரியும். பதில் வராதவர்களுக்கு இணக்க நோட்டீஸ், அதற்குப் பிறகுதான் அபராதம்.

கடிதம் அனுப்புவதற்கு முந்தைய நாள், கவுன்சில் வாடகைக்கு விட்டிருக்கும் கடைகளையும் தொழிற்பேட்டைக் கூடங்களையும் அதே பட்டியலில் தேடிப் பாருங்கள். அங்கே ஒரு எஃப் இருந்தால் உள்ளூர்ப் பத்திரிகைக்கு அதுவே தலைப்பாகும்.

இதைப் படிப்பவர்களில் கடை நடத்துகிறவர்களும் இருப்பீர்கள். ஈ மதிப்புக்குக் கொண்டுவரும் கடமை கட்டட உரிமையாளருடையது, வாடகைக்கு இருப்பவருடையது அல்ல. ஆனால் மேல்மாடி அலுவலகத்தை நீங்கள் வேறொருவருக்கு உள்வாடகைக்கு விட்டால் அந்தப் பகுதிக்கு நீங்களே உரிமையாளர் ஆகிறீர்கள். குத்தகையைப் புதுப்பிக்கும்போது மேம்பாட்டுச் செலவை உங்கள் தலையில் கட்டும் வாசகம் இருக்கிறதா என்று வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்குள் நீங்களே செய்யக்கூடியதில் முதலிடம் திறந்த குளிர்பெட்டிகளுக்குக் கதவு போடுவது.

மொத்தம் 12 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஏசி இருக்கும் கட்டடங்களில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு கட்டாயம். அதையும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ்தான் கவனிக்க வேண்டும். ஒரே கடிதத்தில் இரண்டையும் கேட்டுவிடலாம்.

படி 8: புதிய கட்டடங்களும் பிளானிங் அனுமதியும்

இங்கே ஒரு கவுன்சில் நாட்டுக்கே வழிகாட்டிய கதை உண்டு. 2003இல் லண்டனின் மெர்ட்டன் பரோ, 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வீடல்லாத புதிய கட்டடங்கள் தம் எரிசக்தித் தேவையில் 10 சதவீதத்தையாவது அங்கேயே புதுப்பிக்கத்தக்க முறையில் உற்பத்தி செய்ய வேண்டும் என்று விதி போட்டது. பிற கவுன்சில்கள் அதைப் பின்பற்றின. 2008இல் வந்த பிளானிங் மற்றும் எரிசக்திச் சட்டம், இப்படி நியாயமான நிபந்தனை விதிக்கக் கவுன்சில்களுக்கு அதிகாரம் இருப்பதை உறுதி செய்தது.

லண்டன் முழுவதற்குமான பிளானிங் ஆவணமான 2021ஆம் ஆண்டு லண்டன் திட்டம் இன்னும் கடுமை. பெரிய கட்டடங்கள் நிகர பூஜ்ய கார்பனாக இருக்க வேண்டும். கட்டட விதிகள் கேட்பதைவிடக் குறைந்தது 35 சதவீதத்தைக் கட்டடத்திலேயே குறைக்க வேண்டும். வீடல்லாத கட்டடமாக இருந்தால் அந்த 35இல் 15 திறன் மேம்பாட்டால் மட்டும் வர வேண்டும். மிச்சத்துக்குக் கவுன்சிலிடம் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். பரிந்துரை விலை டன்னுக்கு 95 பவுண்ட், 30 ஆண்டுக்கு. அதாவது ஆண்டுக்கு ஒரு டன் மிஞ்சினால் 2,850 பவுண்ட். படி 6இல் சொன்ன பை இதுதான். உங்கள் கவுன்சில் இப்படி வசூலிக்கிறதா, எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். வசூலித்த பணம் திட்டமில்லாமல் கணக்கில் தூங்கிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. பள்ளிக் கூரைக்கு வேண்டிய காசு அங்கே இருக்கலாம்.

லண்டனுக்கு வெளியே இந்த அளவு கேட்க, கவுன்சிலின் சொந்தப் பிளானிங் ஆவணமான உள்ளூர்த் திட்டத்திலேயே விதி எழுதியிருக்க வேண்டும். எழுத்தில் இல்லாததைக் குழுக் கூட்டத்தில் நிபந்தனையாகப் போட்டால் மேல்முறையீட்டில் நிற்காது. எனவே உள்ளூர்த் திட்டம் அடுத்து எப்போது திருத்தப்படும் என்று பாருங்கள்.

விண்ணப்பம் முன்னால் வரும்போது ஒரு கேள்வியை விடாதீர்கள்: கட்டி முடித்த பிறகு மீட்டர் அளவை யார் தருவார்கள்? காகிதத்தில் வந்த கணக்குக்கும் கட்டியபின் எரியும் யூனிட்டுக்கும் இடைவெளி பெரிது. லண்டன் திட்டம் குறைந்தது ஐந்து ஆண்டு அளந்து தெரிவிக்கச் சொல்கிறது.

ஏற்கெனவே இருக்கும் கடை, கிடங்குகளின் கூரையில் சோலார் வைக்க ஒரு மெகாவாட் வரம்பு இருந்தது. 2023 டிசம்பரில் அது நீங்கியது, பெரும்பாலானவற்றுக்கு முழு பிளானிங் விண்ணப்பம் இனித் தேவையில்லை. கூரைச் சோலாருக்கு 2035 மார்ச் வரை பிசினஸ் ரேட்ஸும் கிடையாது. உங்கள் பகுதித் தொழிற்பேட்டைக்குப் போய் இந்த இரண்டையும் சொன்னாலே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

படி 9: வெப்ப வலையமைப்பு

ஓரிடத்தில் எடுத்த வெப்பத்தைக் குழாய் வழியாகப் பல கட்டடங்களுக்குக் கொடுப்பது இது. எல்லா ஊருக்கும் பொருந்தாது. நெருக்கமான நகர மையமும் அருகே வீணாகும் வெப்பமும் இருந்தால் மட்டும் யோசியுங்கள். இஸ்லிங்டனில் 2020 முதல் சுரங்க ரயிலின் காற்றுக்குழாயிலிருந்து வெப்பம் எடுக்கிறார்கள். கேட்ஸ்ஹெட்டில் 2023 முதல் பழைய நிலக்கரிச் சுரங்கத்தில் நிரம்பிய நீரிலிருந்து எடுக்கிறார்கள். குழாய் பதிக்கும் செலவு தாங்க வேண்டுமானால் ஆண்டு முழுக்க வெப்பம் வாங்கும் பெரிய வாடிக்கையாளர்கள் வேண்டும். மருத்துவமனை, குளம், நகர மண்டபம் மூன்றும் நடக்கிற தூரத்தில் இருந்தால் நல்ல அறிகுறி. 2023 எரிசக்திச் சட்டம் இதற்கென மண்டலங்கள் வரையறுக்க வழி செய்திருக்கிறது. உங்கள் ஊர் அந்த வரைபடத்தில் வருகிறதா என்று தெரியாமல், நகர மையத்துக் கட்டடத்தில் பெரிய ஹீட் பம்ப் வாங்கிவிடாதீர்கள்.

படி 10: ஆண்டறிக்கையை எப்படிப் படிப்பது

கவுன்சில் தன் வெளியீட்டை இத்தனை சதவீதம் குறைத்தது என்று ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை வரும். அதில் கவுன்சில் எதுவும் செய்யாமலே உதவும் இரண்டு காரணங்கள் கலந்திருக்கும். ஒன்று மின்கட்டமைப்பு. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30ஆம் தேதி மூடியது. காற்றாலைகள் பெருகி ஒரு யூனிட் மின்சாரத்தின் கார்பன் ஆண்டுக்கு ஆண்டு இறங்கிவருகிறது. கவுன்சில் ஒரு விளக்கைக்கூட அணைக்காமலேயே அறிக்கையில் டன் குறையும். இன்னொன்று வானிலை. குளிர் குறைந்த ஆண்டில் கேஸ் தானாகவே குறையும், அடுத்த குளிரில் ஏறும். இதைச் சமன்செய்ய டிகிரி டே என்ற கணக்கு இருக்கிறது, எரிசக்தி அதிகாரி எவருக்கும் அது தெரியும்.

எனவே டன்னுக்குப் பக்கத்தில் யூனிட்டையும் போடச் சொல்லுங்கள், மின்சாரமும் கேஸும் தனித்தனியாக, கட்டடம் வாரியாக, கேஸுக்கு வானிலைத் திருத்தத்தோடு. ஓர் ஆண்டில் கட்டடத்தை விற்றோ அகாடமிக்கு மாற்றியோ பட்டியல் குறைந்திருந்தால் அதைத் தனி வரியில் காட்டச் சொல்லுங்கள். அறிக்கை குழுவுக்கு வருவதற்குப் பத்து நாள் முன்பே இந்தக் கேள்விகளை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். கூட்டத்தில் எழுந்து கேட்டால் ‘பிறகு தகவல் தருகிறோம்’ என்ற பதில்தான் குறிப்பில் ஏறும்.